மேயருக்கு நான்கு கால்!

மேயர் வருகிறார் என்றால் மாலை, மைக், கட்அவுட் எதுவும் இந்த ஊருக்குத் தேவையில்லை. கழுத்தில் டை கட்டிக்கொண்டு வாலை ஆட்டியபடி வந்து நிற்பார். குழந்தைகள் கட்டிப்பிடித்தால் கோபிக்க மாட்டார், போட்டோவுக்கும் பொறுமையாக உட்காருவார். காரணம், அவர் ஒரு கோல்டன் ரெட்ரீவர் நாய்!

கலிஃபோர்னியாவின் சான் ஹசின்டோ மலையில், சுமார் 5,400 அடி உயரத்தில் இருக்கிறது ஐடில்வைல்ட். பைன் மரங்களுக்கு நடுவே சுமார் நாலாயிரம் பேர் மட்டுமே வாழும் சிற்றூர். இதற்கு நகராட்சி கிடையாது. நிர்வாகமெல்லாம் ரிவர்சைடு கவுன்டியின் கையில். ஆகவே மேயர் நாற்காலியும் காலி. 2012-ல் உள்ளூர் விலங்கு மீட்பு அமைப்பு ஒன்று நிதி திரட்ட ஒரு தேர்தலை நடத்தியது. ஓர் ஓட்டு ஒரு டாலர். ஒருவரே எத்தனை ஓட்டு வேண்டுமானாலும் போடலாம். கள்ள ஓட்டுக்கும் ரசீது உண்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன்! 14 நாய்களும் 2 பூனைகளும் களத்தில் நின்றன. மேக்ஸ் என்ற நாய் அமோகமாக ஜெயித்தது. பணம் ஆதரவற்ற விலங்குகளுக்குப் போனது.

அன்றிலிருந்து, நாய் வளர்ப்பவர்கள் கேம்பர் வேனில் தேடி வரும் ஊர்களில் இதுவும் ஒன்று. நாய் இருக்கிறது என்றாலே பல ஹோட்டல்களில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் தனிக் கட்டணம். வேன் என்றால் அந்தத் தொல்லை இல்லை. படுக்கை, அடுப்பு, நாயின் பழைய போர்வை எல்லாம் கூடவே வரும். இடம் மாறினாலும் வாசனை மாறாததால் நாயும் நிம்மதியாகத் தூங்கும்.

ஏறும் வழி

லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். பேனிங் என்ற ஊரில் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து 243-ம் எண் சாலையில் ஏற வேண்டும். கடைசி 40 கிலோமீட்டரும் வளைவுதான். கீழே வறண்ட புதர்க்காடு, மேலே போகப் போக பைன் வாசனை.

வேன் கனமான வண்டி, மெதுவாகத்தான் ஏறும். பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால், ஓரத்தில் ஒதுங்க இடம் வந்ததும் வழிவிட வேண்டும் என்பது கலிஃபோர்னியா சட்டம். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கீழ் கியரில் வர வேண்டும். நாயை மடியில் வைத்துக்கொள்வது பாசமாகத் தெரியலாம். வளைவில் சட்டென்று பிரேக் போட்டால் முதலில் பறப்பது அதுதான். மார்புப் பட்டை போட்டு சீட்டோடு இணைப்பதே நல்லது.

எங்கே அனுமதி, எங்கே தடை?

கடை வாசல்களில் நாயோடு நிற்பவர்களைப் பார்த்துவிட்டு, மலை முழுக்க அப்படித்தான் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. ஊரை ஒட்டியே மாநிலப் பூங்காவின் முகாம் இருக்கிறது. அங்கே வேனை நிறுத்தலாம், நாயும் இருக்கலாம். ஆறடிக்கு மேல் போகாத கயிறு வேண்டும், இரவில் நாய் வேனுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ இருக்க வேண்டும். ஆனால், அதே பூங்காவின் மலைப்பாதைகளில் நாய்க்கு அனுமதி இல்லை. காட்டு விலங்குகள் மிரளக் கூடாது என்பதே நோக்கம். 10,834 அடி உயர சான் ஹசின்டோ சிகரம் அந்தப் பூங்காவுக்குள்தான் வருகிறது.

தப்பு நடப்பது இங்கேதான். ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், நாயை வேனில் விட்டுவிட்டு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்’ என்று தோன்றும். மலைக்காற்று குளிராக இருப்பதால் பயமும் இருக்காது. ஆனால், வெளியே 21 டிகிரி செல்சியஸ் இருந்தாலே, வெயிலில் பூட்டிய வண்டிக்குள் அரை மணி நேரத்தில் 40 டிகிரியைத் தொட்டுவிடும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும், சுற்றியுள்ள காற்றே கொதித்தால் அதுவும் பலிக்காது. உயிருக்கு ஆபத்தாகும்படி விலங்கை வண்டியில் விட்டுச் செல்வது அங்கே குற்றம். 2017 முதல், வேறு வழியில்லாதபோது, அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லிவிட்டு வழிப்போக்கரே கண்ணாடியை உடைத்து விலங்கைக் காப்பாற்றவும் சட்டம் இடம் தருகிறது.

நாயோடு நடக்க வழியா இல்லை? பக்கத்திலுள்ள சான் பெர்னார்டினோ தேசிய வனத்தின் பாதைகளில் கயிறு கட்டிக் கூட்டிப் போகலாம். அவற்றில் எர்னி மேக்ஸ்வெல் பாதை எல்லோருக்கும் ஏற்றது. உள்ளூர்ப் பத்திரிகையை 1946-ல் தொடங்கியவரின் பெயர் அதற்கு. ஒரு வழிக்கு சுமார் நாலு கிலோமீட்டர், மர நிழல், மென்மையான சரிவு. ஹம்பர் பார்க்கில் தொடங்கினால் போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். அதனால், நாய் களைப்பதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். தண்ணீரும் கிண்ணமும் அவசியம். கோடையில் காய்ந்த புல்லின் முள் காதிலோ விரலிடுக்கிலோ ஏறியிருக்கிறதா என்று நடை முடிந்ததும் தடவிப் பார்க்க வேண்டும்.

கிளம்பும் முன் சாலை நிலவரம் பார்ப்பதும் முக்கியம். 2018 ஜூலையில் காட்டுத்தீயால் ஊரே வெளியேற்றப்பட்டது. 2019 பிப்ரவரி மழையில் ஊருக்கு வரும் 243, 74 ஆகிய இரண்டு சாலைகளும் அரித்துப்போயின. நாயின் மருந்து, தடுப்பூசிச் சீட்டு, இரண்டு நாள் உணவு ஆகியவை எப்போதும் ஒரே பையில் தயாராக இருக்கட்டும்.

மூன்றாவது மேக்ஸ்

முதல் மேயர் மேக்ஸ் ஓராண்டைக்கூட முடிக்கவில்லை. 2013 ஏப்ரலில் இறந்துபோனது. ஊர் அதே இனத்தில் ஒரு குட்டியைக் கொண்டுவந்து, அதே பெயரை வைத்து, அதே பதவியில் உட்கார வைத்தது. இரண்டாம் மேக்ஸும் 2022-ல் போய்விட்டது. அதன் பிறகு வந்தது மூன்றாம் மேக்ஸ்.

பத்தே ஆண்டுகளில் மூன்று மேயர்கள். நாயோடு வாழும் எந்த வீட்டுக்கும் இந்தக் கணக்கு புரியும். வாசலில் கார் சாவிச் சத்தம் கேட்டதும் துள்ளி எழுந்த நாய், ஒரு கட்டத்தில் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும். ‘அடுத்த வருஷம் போகலாம்’ என்பது மனிதர்களுக்குச் சின்னத் தள்ளிவைப்பு. நாய்க்கு அது ஆயுளில் பத்தில் ஒரு பங்கு.

சிகரத்தை அடுத்த முறைகூடப் பார்த்துக்கொள்ளலாம். அது அங்கேயேதான் இருக்கும்.