பெயரையும் கொடுத்தார்கள்!

படை கேட்டார்கள், கொடுத்தார்கள். பாதை கேட்டார்கள், திறந்துவிட்டார்கள். இறுதியில் பெயரைக் கேட்டார்கள், அதையும் கொடுத்தார்கள்! யார் இவர்கள்? பால்கன் மலைகளின் நடுவே, கடற்கரை என்பது ஒரு முழம்கூட இல்லாத சின்னஞ்சிறு நாட்டினர். 2019 வரை அந்நாட்டுக்குப் பெயர் மாசிடோனியா. அதன் பிறகு வடக்கு மாசிடோனியா.

"எங்கோ இருக்கும் நாட்டின் கதை நமக்கு எதற்கு?" என்று ஆலை வாயிலிலே ஏடு படிக்கும் தோழர் கேட்கக்கூடும். தாய்நாட்டின் பெயருக்காக 1956 இல் 76 நாள் பட்டினி கிடந்து உயிர் நீத்த சங்கரலிங்கனார் வாழ்ந்த மண்ணிலே இருந்துகொண்டு இதைப் பேசுகிறோம், தோழர்களே! பெயர் என்பது வெறும் எழுத்துக்கோவை அல்ல என்று நமக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆகவேதான் கேட்கிறோம்: ஒரு நாட்டைத் தன் பெயரையே மாற்றிக்கொள்ள வைத்தது எது?

1991 இல் யூகோசுலாவியக் கூட்டாட்சி உடைந்தது. மற்றப் பகுதிகளிலே குருதி ஆறாய் ஓடியபோது, போரின்றி வெளியேறித் தனி நாடானது மாசிடோனியா. தெற்கே இருந்த கிரேக்கம் சீறிற்று. "எங்கள் வடபுலத்துக்கும் அதுதான் பெயர், அலெக்சாண்டர் எங்கள் குலத்தவன், இன்று பெயரை எடுப்பவன் நாளை நிலத்தைக் கேட்பான்" என்றது. கிரேக்க மக்களின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யமாட்டோம். எல்லைப்புற மக்களுக்குப் பழைய புண்கள் எளிதில் ஆறுவதில்லை. ஆனால் அந்த அச்சம், 1994 இல் ஓர் ஏழை நாட்டின்மீது வாணிபத் தடையாகப் பாய்ந்ததே, அது நியாயமா?

1993 இல் ஐ.நா. மன்றத்தில் இடம் கிடைத்தது. எந்தப் பெயரில்? "முன்னாள் யூகோசுலாவிய மாசிடோனியக் குடியரசு" என்ற பெயரில்! பெற்றோர் இட்ட பெயரை விட்டுவிட்டு, "இன்னார் வீட்டில் முன்பு குடியிருந்தவர்" என்று ஒருவரை அழைப்பது போல! அதையும் பொறுத்துக்கொண்டார்கள். 1995 இல் இரு நாடுகளுக்கும் இடைக்கால உடன்பாடு ஏற்பட்டது. அந்த நீண்ட பெயரோடு எந்த உலக அமைப்பிலே சேர வந்தாலும் தடுக்கமாட்டோம் என்று கிரேக்கம் எழுதிக் கையொப்பமிட்டது. அதே ஆண்டில், நேட்டோ என்னும் வட அட்லாண்டிக் கூட்டணியின் பங்காளி நாடாகவும் மாசிடோனியா சேர்ந்தது.

பங்காளி என்றால் பந்தியில் மட்டும் உட்காரும் பங்காளி அல்ல. 1999 இல் கொசோவோவிலே போர் மூண்டது. 3 இலட்சத்துக்கு மேற்பட்ட ஏதிலிகள் இந்நாட்டுக்குள் வந்து குவிந்தனர். அன்று நாட்டின் மொத்த மக்கள் தொகையோ ஏறத்தாழ 20 இலட்சம்! நேட்டோப் படைகள் திரண்டு நின்றதும், கொசோவோவுக்குள் நுழைந்ததும் இந்த மண்ணிலிருந்துதான். 2001 இல் உள்நாட்டிலேயே ஆயுதக் கலகம் எழுந்தது. ஆகசுடு திங்களில் ஓகிரித் உடன்பாடு கண்டு, அல்பேனிய இனத்தாருக்கு உரிமை வழங்கி அதை அடக்கினார்கள். 2002 முதல் ஆப்கானிசுதானத்துக்கும், 2003 முதல் ஈராக்குக்கும் வீரர்களை அனுப்பினார்கள். காபூலில் பன்னாட்டுப் படையின் தலைமையகத்துக்குக் காவல் நின்றவர்களிலே மாசிடோனிய இளைஞர்களும் உண்டு. 2003 மே திங்களில் அல்பேனியா, குரோவாசியா, அமெரிக்கா ஆகிய நாடுகளோடு ஏட்ரியாட்டிக் சாசனத்தில் ஒப்பமிட்டு, வட்டாரப் பாதுகாப்புக்குத் தோள் கொடுத்தார்கள். அந்த மூன்று சிறு நாடுகளும் கூட்டாக மருத்துவக் குழுவொன்றை ஆப்கானிசுதானத்துக்கு அனுப்பின.

உழைத்தவனுக்குக் கூலி கிடைத்ததா? 2008 ஏப்ரலில் புக்காரெசுட்டு நகரிலே நேட்டோ மாநாடு கூடிற்று. அல்பேனியாவுக்கும் குரோவாசியாவுக்கும் அழைப்பு வந்தது. மாசிடோனியாவுக்கு? "முதலில் பெயர்த் தகராறைத் தீர்த்துக்கொண்டு வா!" என்ற பதில் வந்தது. கிரேக்கம் குறுக்கே நின்றது. கையெழுத்திட்ட 1995 உடன்பாடு என்னவாயிற்று? அனைத்துலக நீதிமன்றம் 2011 திசம்பர் 5 இல் தீர்ப்புச் சொன்னது: கிரேக்கம் உடன்பாட்டை மீறியது என்று! தீர்ப்பு கிடைத்தது, கதவு மட்டும் திறக்கவில்லை. சட்டம் சிறியவன் பக்கம் நின்றாலும், சாவி வேறொருவன் இடுப்பிலே அல்லவா தொங்கிற்று!

பிறகு இரு தலைவர்கள் துணிந்தார்கள். மாசிடோனியாவின் சோரான் சாயெவ். கிரேக்கத்தின் அலெக்சிசு சிப்ராசு. 2018 சூன் 17 இல் பிரெசுபா ஏரிக்கரையிலே உடன்பாடு கண்டார்கள். "வடக்கு மாசிடோனியா" என்பது நாட்டின் பெயர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், தோழர்களே! மொழியின் பெயர் "மாசிடோனிய மொழி" என்றே நிலைத்தது. நாட்டின் பெயரிலே ஒரு சொல்லைச் சேர்க்க இசைந்தவர்கள், தாய்மொழியின் பெயரிலே ஓர் எழுத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை!

மக்கள் மகிழ்ச்சியோடா ஏற்றார்கள்? இல்லை. 2018 செப்டம்பர் 30 பொது வாக்கெடுப்புக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 37 பேர். வந்தவர்களில் நூற்றுக்குத் 90க்கு மேற்பட்டோர் ஆம் என்றனர்; மற்றவர்களோ வீட்டிலேயே இருந்துவிட்டனர். அதன் பிறகு நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. கிரேக்க நாடாளுமன்றம் 153க்கு 146 என்ற கணக்கிலே ஒப்பியது. 2020 மார்ச் 27 இல் நேட்டோவின் 30ஆவது உறுப்பு நாடாயிற்று வடக்கு மாசிடோனியா. உறுப்பினரான பிறகும் கை நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. 2022 இல் இரசியா உக்ரைன்மீது படையெடுத்தபோது, தன்னிடமிருந்த டி-72 டாங்கிகளை உக்ரைனுக்குத் தந்தது.

இதோடு கதை முடிந்ததா? ஐரோப்பிய ஒன்றியம் என்ற மற்றொரு வாசல் இருந்தது. 2005 முதல் அங்கே காத்து நின்றவர்கள் இவர்கள். பெயரை மாற்றிய அதே 2019 இல் பிரான்சு தடுத்தது. 2020 இல் பல்கேரியா தடுத்தது. என்ன காரணம் சொல்லி? "உங்கள் மொழி தனி மொழியே அல்ல, எங்கள் மொழியின் கிளை" என்று! நாட்டின் பெயரைக் கொடுத்து முடித்ததும், நாவின் பெயரையும் கேட்கிறார்கள்!

விளைவு என்ன? 2024 மே தேர்தலில், பெயர் மாற்றத்தை எதிர்த்த கட்சி பெருவெற்றி பெற்றது. அக்கட்சி நிறுத்திய புதிய குடியரசுத் தலைவர் பதவி ஏற்பு விழாவிலே "மாசிடோனியா" என்றே சொன்னார். கிரேக்கத் தூதர் எழுந்து வெளியேறினார். விட்டுக்கொடுத்தவனை மேலும் குனியச் சொன்னால், விட்டுக்கொடுக்காதே என்பவனுக்குத்தான் மாலை விழும். வேறென்ன நடக்கும்?

இராணுவக் கூட்டணிகளுக்கு ஆலவட்டம் வீசுவது நமது வேலையல்ல. ஆயினும் வேலியில்லாத சிறு நிலத்துக்காரன் வேலி தேடுவதை நாம் எப்படிக் குறை கூற முடியும்? "உனக்காக எங்கள் பிள்ளைகள் களத்தில் சாவார்கள்" என்று வாக்களிக்கும் அமைப்பிலே, அனைவரும் ஒப்பவேண்டும் என்ற விதி இருப்பதும் புரிகிறது. 1949 ஒப்பந்தத்தின் பத்தாவது விதி அதுதான். ஆனால் அந்த விதி, பாதுகாப்பை எடைபோடும் தராசாக இருக்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் பழைய வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் கத்தியாக ஆகிவிடக்கூடாது. சுவீடனைப் பாருங்கள்! 2022 மே திங்களில் பின்லாந்தும் சுவீடனும் ஒன்றாக மனுக் கொடுத்தன. 2023 ஏப்ரலில் பின்லாந்து உள்ளே போயிற்று. துருக்கியும் அங்கேரியும் பிடித்து நிறுத்தியதால், செல்வச் சுவீடனே 2024 மார்ச் வரை வாசலில் நின்றது. அதற்கே அந்தக் கதி என்றால், ஏழைக்கு என்ன கதி?

வேலை முடிந்த பிறகு கூலியின் அளவை மாற்றும் மேத்திரியை நம் தொழிலாளத் தோழர்கள் அறிவார்கள். அந்த மேத்திரி நாடுகளுக்கிடையேயும் உண்டு. விதியை முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்ன விதியை நிறைவேற்றியவனுக்குக் கதவைத் திறங்கள். புதுப் பூட்டு மாட்டாதீர்கள்! இதுவே நாம் கேட்பது.

வடக்கு மாசிடோனியா தன் வாக்கைக் காத்தது. வல்லவர்கள் தங்கள் வாக்கைக் காக்கட்டும்!