கடலோரப் பெருஞ்சாலை: பார்த்துவிட்டுத் திரும்பினால் போதுமா?

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் மெல்பேர்ன் வாழ் எம்மவர் இல்லங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. கனடாவிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ உறவினர் வந்திருக்கின்றனர். அவர்களை எங்கே அழைத்துச் செல்வது? பெரும்பாலான வீடுகளில் விடை ஒன்றே. ரோர்க்கியில் தொடங்கி வார்ணம்பூலுக்கு அண்மையில் முடிவடையும், ஏறக்குறைய 240 கிலோமீற்றர் நீளமான 'கிரேட் ஓஷன் றோட்' எனும் கடலோரப் பெருஞ்சாலையே அது. ஒருபுறம் செங்குத்தான மலைச்சரிவும் மறுபுறம் ஓயாத தென்கடலுமாக அமைந்த இச்சாலையின் எழிலை எவரும் மறுப்பதற்கில்லை.

ஆனால், இச்சாலையை நாம் பார்க்கும் முறை பற்றிச் சில வார்த்தைகள் கூறவேண்டியுள்ளது.

சுற்றுலாப் பேருந்துகள் அதிகாலையில் நகரை விட்டுப் புறப்படுகின்றன. ஈஸ்ரேர்ன் வியூ வளைவின் கீழ் ஒரு புகைப்படம். லோர்னிலோ அப்பலோ பேயிலோ அவசர உணவு. பொழுது சாயுமுன் 'பன்னிரு அப்போஸ்தலர்' எனப்படும் சுண்ணாம்புப் பாறைத் தூண்களின் முன் மேலும் சில புகைப்படங்கள். பின்னர் கொலாக் ஊடாக உள்நாட்டு வழியில் இரவோடிரவாக வீடு திரும்பல். வழிகாட்டி ஆங்கிலத்தில் விரைந்து கூறுவதை எமது முதியோரிற் பலர் விளங்கிக்கொள்வதில்லை. இளையோரோ காதுகளை அடைத்துக்கொண்டு உறங்கிவிடுகின்றனர். எமது சங்கங்கள் ஒழுங்குசெய்யும் பயணங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. சோற்றுப் பொதிக்கு ஒதுக்கும் கவனத்திற் பாதியையேனும் சாலையின் வரலாற்றுக்கு நாம் ஒதுக்குவதில்லை.

புகைப்படம் எடுத்துக்கொள்ளும் அந்த வளைவு எதற்காக நிற்கின்றது? முதலாம் உலகப்போரிலிருந்து மீண்டுவந்த படையினர், மீளாது போன தம் தோழர்களின் நினைவாக அமைத்த சாலை இது. 1919இல் வேலை தொடங்கியது. ஏறக்குறைய 3,000 பேர் மண்வெட்டியும் பிக்கானும் வெடிமருந்தும் கொண்டு பாறையைக் குடைந்தனர். எட்டு மணிநேர வேலைக்கு அவர்கள் பெற்ற கூலி பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ். போர் முடிந்து ஊர் திரும்பியவனுக்குத் தொழில் இல்லை என்ற நிலையில், இச்சாலை நினைவுச்சின்னமாகவும் பிழைப்பாகவும் அமைந்தது. இத்திட்டத்தை முன்னின்று நடத்தியவர் ஜீலோங் நகர முதல்வராக இருந்த ஹவார்ட் ஹிச்கொக். 1932 நவம்பரில் சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே காலமாகிவிட்டார். உலகின் மிகப்பெரிய போர் நினைவுச்சின்னம் என இச்சாலை அழைக்கப்படுவது இதனாலேயே.

வீழ்ந்த வீரனுக்குக் கல் நடுவதற்குத் தொல்காப்பியத்திலேயே இலக்கணம் வகுத்த மரபு எம்முடையது. தப்பிப் பிழைத்தவன், தப்பாதவனுக்குச் செய்யும் கடன் எத்தகையது என்பதை எம் மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அப்படியிருக்க, அந்த வளைவின் கீழ் நின்று சிரித்துப் படமெடுத்துவிட்டு, அது யாருக்காக எழுந்தது என்று கேளாமலே நாம் வண்டியேறலாமா?

இன்னோர் இடமும் உண்டு. அப்போஸ்தலர் பாறைகளிலிருந்து சற்றே மேற்காக லொக் ஆர்ட் குடைவு இருக்கின்றது. 1878 மார்ச் மாதத்தில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட லொக் ஆர்ட் என்னும் பாய்க்கப்பல், மூன்று மாதக் கடற்பயணத்தின் பின், மெல்பேர்னை அண்மித்த நிலையில் யூன் முதலாம் நாள் அதிகாலையில் பாறையில் மோதியது. கப்பலில் இருந்த 54 பேரில் உயிர்தப்பியோர் இருவர் மட்டுமே. ஒருவர் கப்பற் பயிலுநரான ரொம் பியர்ஸ். மற்றவர் குடும்பத்துடன் புதுவாழ்வு தேடி வந்த அயர்லாந்து யுவதி ஈவா கார்மைக்கல். பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் அக்கடலிற் பறிகொடுத்த அப்பெண், சில மாதங்களில் தாயகம் திரும்பிவிட்டார். கரை கண்ணில் தெரியும் தொலைவில் கடலில் அமிழ்ந்தோரின் கதை எம்மவரிற் பலருக்குப் பிறர் கதையன்று.

ஆகவே விருந்தோம்புவோருக்கு ஒரு வேண்டுகோள். படகேறி வந்தவர்கள் எம்மிடையே உள்ளனர். அவர்களிற் சிலருக்குக் கடல் காட்சிப் பொருளாக இருப்பதில்லை. பாறை விளிம்பில் நின்று மகிழும்படி அவர்களை வற்புறுத்தாதீர்கள். வண்டியிலேயே இருக்க விரும்பினால் இருக்க விடுங்கள்.

இச்சாலை வெட்டப்படுவதற்கு முன்னரும் இந்நிலத்துக்கு உரியோர் இருந்தனர். ஒற்வே மலைப் பகுதியில் வாழ்ந்த கடுபனுட் மக்கள் குடியேற்றக் காலத்தில் கொல்லப்பட்டும் சிதறடிக்கப்பட்டும் போயினர். 2023இல் ஈஸ்ரேர்ன் மார் மக்களின் பூர்வீக நில உரிமையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டபோது, இக்கரையோரத்தின் ஒரு பகுதியும் அதில் அடங்கியது. நிலம் இழந்தவர்களின் வலியை அறிந்த நாம், இதனையும் எம் பிள்ளைகளுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

செய்யவேண்டியவை கடினமானவையல்ல. பேருந்து ஒழுங்குசெய்யும் சங்கங்கள், சாலையின் வரலாற்றை முன்கூட்டியே படித்து முதியோருக்குத் தமிழில் எடுத்துரைக்க ஒருவரையேனும் நியமிக்கட்டும். அப்பொறுப்பை உயர்வகுப்பு மாணவரிடம் ஒப்படைத்தால் மொழியும் வளரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்ற அவசரத்தைக் கைவிடுவோம். விடுதியில் இரவு தங்கப் பணவசதி இல்லாதோர் லோர்ன் வரை சென்று ஆறுதலாகப் பார்த்துத் திரும்பலாம். அதில் குறைவேதும் இல்லை.

பாதுகாப்பும் முக்கியமானது. கனடாவிலும் ஐரோப்பியப் பெருநிலத்திலும் வலப்புறமாக ஓட்டிப் பழகிய உறவினரிடம் வளைவுகள் நிறைந்த இச்சாலையில் வாகனத்தைக் கொடுப்பது அறிவுடைமையாகாது. கடலில் இறங்குவோர் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையிலேயே இறங்கவேண்டும். வேலியைத் தாண்டிப் பாறை விளிம்புக்குச் செல்வது கூடவே கூடாது. 1990 ஜனவரியில் 'லண்டன் பாலம்' எனப்பட்ட பாறை வளைவு இடிந்து, அதன்மேல் நின்ற இருவரை உலங்கு வானூர்தி கொண்டு மீட்க நேர்ந்தது. 2005 யூலையில் அப்போஸ்தலர் தூண்களில் ஒன்று சில நொடிகளிற் சரிந்தது. அக்கரையில் எந்தப் பாறையும் நிலையானதன்று.

கடல் பாறையைத் தின்றுகொண்டேயிருக்கின்றது. எனினும், மீண்டு வந்தோர் மீளாதோருக்காக வெட்டிய சாலை இன்றும் நிற்கின்றது. அடுத்த முறை அந்த வளைவை அடையும்போது வண்டியை நிறுத்தி, பிள்ளைகளை எழுப்பி, அது யார் நினைவாக நிற்கின்றது என்பதைச் சொல்லிவிட்டு அப்பாற் செல்வோமாக.