ஆணா பெண்ணா என்று பார்க்க ஆயிரம் வெள்ளியா?

"டிரசரய்யா, இப்பல்லாம் கையிலே ரத்தம் எடுத்தே வயித்துல இருக்கிறது ஆணா பொண்ணான்னு சொல்லிடுறாங்களாமே, நிசமா?"

தோட்ட மருந்தகத்தில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் பிள்ளைத்தாச்சிப் பெண் அல்ல. அவளுடைய மாமியார் கேட்கிறார். சில சமயம் கணவன் கேட்கிறான். அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று.

நிசம்தான். வயிற்றில் பிள்ளை வளரும்போது நச்சுக்கொடியிலிருந்து மிக நுண்ணிய மரபணுத் துணுக்குகள் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. ஹாங்காங்கைச் சேர்ந்த டெனிஸ் லோ என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1997-ல் இதைக் கண்டு சொன்னார்கள். ஆண் பிள்ளையைச் சுமந்த 30 தாய்மார்களின் ரத்த நீரைச் சோதித்தார்கள். 24 பேரிடம் ஆணுக்கே உரிய 'ஒய்' அடையாளம் கிடைத்தது. பெண் பிள்ளையைச் சுமந்த 13 பேரில் ஒருவரிடமும் அது இல்லை. 2011 முதல் இது விலைக்குக் கிடைக்கும் பரிசோதனையாகி விட்டது. இன்று பத்தாவது வாரத்திலேயே ஏறக்குறையச் சரியாகச் சொல்லி விடுகிறார்கள்.

எதற்காக வந்த பரிசோதனை?

ஆணா பெண்ணா என்று பார்க்க இது வரவில்லை. பிள்ளைக்கு 'டவுன் சின்ட்ரோம்' போன்ற குறை இருக்குமோ என்று அறியத்தான் வந்தது. முன்பு அதற்கு வயிற்றில் ஊசி குத்திப் பனிக்குட நீரை எடுக்க வேண்டும். அதில் கரு கலையும் ஆபத்து கொஞ்சம் உண்டு. இப்போது தாயின் கை ரத்தத்தைப் பார்த்து, சந்தேகம் உள்ளவர்களுக்கு மட்டும் ஊசி போட்டு உறுதி செய்கிறார்கள். இது பெரிய நன்மைதான்.

ஆணா பெண்ணா என்று முன்கூட்டியே தெரிய வேண்டிய குடும்பங்களும் சில உண்டு. காயம் பட்டால் ரத்தம் உறையாத ஹீமோபீலியா, தசைகள் தேய்ந்து போகும் டூஷேன் நோய் ஆகியவை பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே தாக்கும். அத்தகைய நோய் குடும்பத்தில் இருந்தால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் சொல்கிறபடி பரிசோதனை செய்து கொள்ளுங்கள். அதில் எனக்கு மறுப்பே இல்லை.

நான் பேசுவது வேறு ஒரு ஆசையைப் பற்றி. ஐந்தாம் மாதத்தில் ஸ்கேன் எடுக்கும்போதே பெரும்பாலும் ஆணா பெண்ணா என்று தெரிந்து விடும். அதற்குள் என்ன அவசரம்? மூன்றாம் மாதத்திலேயே தெரிய வேண்டும் என்று பறப்பது ஏன்? சிலர் வெறும் ஆவலால் கேட்கிறார்கள். சிலர் மனதில், "பொண்ணுன்னா இப்பவே ஏதாச்சும் பண்ணிடலாம்" என்ற எண்ணம் இருக்கிறது. வெளியே சொல்ல மாட்டார்கள். அந்த எண்ணத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பழி யாருக்கு?

தாயிடம் இருப்பது இரண்டு 'எக்ஸ்'. தகப்பனிடம் ஒரு 'எக்ஸ்', ஒரு 'ஒய்'. தாய் எப்போதும் 'எக்ஸ்'தான் கொடுப்பாள். அவளிடம் வேறு இல்லை. தகப்பன் 'எக்ஸ்' கொடுத்தால் பெண், 'ஒய்' கொடுத்தால் ஆண். தாயின் ரத்தத்தில் அந்தப் பரிசோதனை தேடுவதே தகப்பன் கொடுத்த 'ஒய்'யைத்தான்! அப்படியிருக்க, "மூணும் பொட்டையாப் பெத்துப் போட்டா" என்று மருமகளை ஏசுவது என்ன நியாயம்? தகப்பனும் வேண்டுமென்று செய்வதில்லை. அது யார் கையிலும் இல்லை. பழி சொல்ல இங்கே ஆளே கிடையாது.

பெண் பிள்ளை வேண்டாம் என்பதற்காகக் கருவைக் கலைக்க நம் நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. தாயின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மன நலத்துக்கோ ஆபத்து என்று டாக்டர் கருதினால் மட்டுமே குற்றவியல் சட்டத்தின் 312-வது பிரிவு அனுமதிக்கிறது. அதை மறைத்து, கண்ட இடத்தில் கண்ட மருந்தை வாங்கித் தின்றால் ரத்தப் போக்கில் போவது தாயின் உயிர்.

நம் முன்னோர் புறப்பட்டு வந்த இந்தியாவைப் பாருங்கள். அங்கே 1994-லேயே சட்டம் போட்டு, பிறக்கும் முன் ஆணா பெண்ணா என்று சொல்வதைக் குற்றமாக்கினார்கள். ஆனாலும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 1,000 ஆண்களுக்கு 1991-ல் 945-ஆக இருந்த பெண்கள் 2001-ல் 927-ஆகக் குறைந்தார்கள். 2011-ல் இன்னும் குறைந்தார்கள். சட்டம் மட்டும் போதாது. வீட்டில் மனசு மாற வேண்டும்.

அந்தப் பணத்தை என்ன செய்யலாம்?

தனியார் கிளினிக்குகளில் இதற்கு ஆயிரம் வெள்ளி வரை, அதற்கு மேலும் ஆகும். 2025-ல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வெயிலிலும் மழையிலும் செம்பனைக் குலை சுமந்த கூலியில் பாதிக்கு மேல் ஒரு குப்பி ரத்தத்துக்குப் போக வேண்டுமா?

மருந்தகத்தில் நான் பார்க்கும் குறை வேறு. முகம் வெளுத்து, படியேறினால் மூச்சு வாங்கும் பிள்ளைத்தாச்சிகள்! ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இறங்கினால் அது ரத்தச் சோகை. பிரசவத்தில் ரத்தம் போனால் இவர்கள் தாங்க மாட்டார்கள். முழுகாமல் இருப்பது தெரிந்தவுடன் அரசாங்கக் கிளினிக்கில் பெயர் பதியுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் எல்லாம் அங்கே பார்ப்பார்கள். கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள். மாத்திரையோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள். சத்து உடம்பில் சேராது. முட்டை, மீன், கீரை வாங்க அந்த ஆயிரம் வெள்ளி பல மாதம் வரும்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 98 நாள். பிறந்தது ஆணா பெண்ணா என்று கேட்டு விட்டுச் சட்டம் விடுமுறை கொடுப்பதில்லை. சட்டத்துக்கு இருக்கும் நியாயம் நம் வீட்டிலும் இருக்கட்டும்.

மாமியார்மார்களே, அடுத்த முறை மருமகளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகும்போது "ஆம்பளையா பொம்பளையா" என்று கேட்காதீர்கள். "இவளுக்கு ரத்தம் எவ்வளவு இருக்கு?" என்று தாதியிடம் கேளுங்கள். கணவன்மார்களே, நீங்களும் கூடப் போய்க் கேளுங்கள்.

— தோட்ட மருத்துவமனை உதவியாளர்