மலிவு விமானமும் ஏழைப் பிரயாணியும்

2005-ம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்கு ஓர் ஆகாய விமானம் புறப்பட்டது. அக்காலத்தில் சர்க்கார் வசமிருந்த ஏர் இந்தியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்ற பெயரால் ஸ்தாபித்த மலிவுக் கட்டணக் கிளைக் கம்பெனியின் முதற் பிரயாணம் அது. வளைகுடா நாடுகளில் கொத்தனாராகவும் தச்சராகவும் கடைச் சிப்பந்திகளாகவும் உழைக்கும் நம்மவர், குறைந்த செலவில் ஊர் வந்து பெண்டு பிள்ளைகளைக் கண்டு திரும்ப வேண்டுமென்பதே அதன் பிரதான நோக்கம். திருச்சிராப்பள்ளியிலிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் செல்லும் தமிழ் மக்களும் பின்னர் அதனால் அநுகூலமடைந்தனர்.

2022-ம் வருஷம் ஜனவரி 27-ந் தேதி தாய்க் கம்பெனியும் கிளையும் டாட்டா ஸ்தாபனத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டன. 1932-ல் டாட்டாவினர் தொடங்கி, 1953-ல் சர்க்கார் எடுத்துக்கொண்ட தொழில், தொடங்கியவர் கைக்கே மீண்டது. வருஷந்தோறும் நஷ்டத்தைப் பொது ஜனங்களின் வரிப் பணத்தால் ஈடு செய்துவந்த நிலை ஒழிந்ததற்கு நாம் வருந்தவில்லை. 2024 அக்டோபர் 1-ந் தேதி, முன்பு ஏர் ஏஷியா இந்தியா எனப்பட்ட கம்பெனியும் இதனுடன் இணைக்கப்பட்டது. கிளை இன்று பெருமரமாயிற்று. உள்நாட்டு வழிகளிலும் பரவிற்று. ஆனால், யாருக்கு நிழல் தருவதற்காக மரம் நடப்பட்டதோ, அவனுக்கு அந்நிழல் இன்னும் உண்டா என்பதே நமது கேள்வி.

ஓணத்தையும் பள்ளி விடுமுறையையும் ஒட்டி வளைகுடாக் கட்டணங்கள் பன்மடங்கு ஏறுவது வழக்கமாகிவிட்டது. 2025 அக்டோபரில், குளிர்கால அட்டவணையில் கேரளத்திலிருந்து வளைகுடா செல்லும் விமானங்கள் குறைக்கப்பட்டபோது கேரள சர்க்கார் ஆட்சேபித்தது. பிரயாணிகள் குறையுங் காலத்தில் விமானங்களைக் குறைப்பதும், அவர்கள் பெருகுங் காலத்தில் கட்டணத்தை உயர்த்துவதும் வியாபார தர்மமே என்று முதலாளிகள் சொல்லலாம். இவ்வாதம் நியாயமாகத் தோன்றும், ஆராய்ந்தால் நில்லாது. ஒப்பந்தம் என்பது இரு தரத்தாரும் சுயேச்சையாகச் செய்துகொள்வது. தொழிலாளிக்கு ரஜா நாளைக் குறிப்பவன் அவனுடைய எஜமானன். பண்டிகையைக் குறிப்பது பஞ்சாங்கம். அவனுக்குக் கடல் தாண்ட வேறு வழியில்லை. தெரிந்தெடுக்கும் சுதந்திரம் இல்லாதவனிடம் கேட்டதை வாங்குவது வியாபாரமன்று, நெருக்கடியை விலையாக்குவதேயாகும்.

சர்க்காருக்குக் கட்டணத்தில் தலையிட அதிகாரமில்லை என்று எவரும் கூற முடியாது. 2020 மே மாதத்தில் உள்நாட்டு விமானக் கட்டணங்களுக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் விதித்து, 2022 ஆகஸ்டு 31 வரை அமல் செய்தவர்கள் அவர்களே. கம்பெனிகளின் கஷ்ட காலத்தில் கீழ்வரம்பு விதிக்கத் தெரிந்தவர்களுக்கு, தொழிலாளியின் பண்டிகைக் காலத்தில் மேல்வரம்பு விதிக்கத் தெரியாதா?

இந்தியக் கம்பெனிகள் நடத்தும் வளைகுடா விமானங்களுக்குப் பண்டிகை, விடுமுறை மாதங்களிலேனும் உச்சக் கட்டணம் நிர்ணயிக்க வேண்டும். முன்னறிவிப்பின்றி விமானங்களைக் குறைப்பதையும் தடுக்க வேண்டும். நாம் கேட்பது தர்மமன்று, நியாயம். வளைகுடாத் தொழிலாளி அனுப்பும் பணத்தை தேசத்தின் செல்வமென்று பாராட்டும் சர்க்கார், அவன் வீடு திரும்பும் வழியைப் பாராமுகமாக விட்டுவிடலாகாது.