ஏட்டில் வளரும் மாநகரங்கள், ஏமாற்றப்படும் உழைப்பாளிகள்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளை வரை செல்லும் சாலையின் தூரம் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. வழிநெடுக வீடு, தென்னை, வாழை, கடைத்தெரு, மீண்டும் வீடு. ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்கும் இடத்தைப் பழக்கமில்லாதவர் கண்டறிய முடியாது. ஆனால் அரசின் ஏட்டில் இந்தச் சிறு தொலைவுக்குள் மூன்று உலகங்கள் இருக்கின்றன. நெய்யாற்றின்கரை நகராட்சி, எனவே நகரம். பாறசாலை கிராமப் பஞ்சாயத்து, எனவே கிராமம். மாநில எல்லையைத் தாண்டியதும் களியக்காவிளை பேரூராட்சி. எனவே மீண்டும் நகரம்.

இது வெறும் பெயர் விவகாரம் அல்ல. ஒரே வீட்டில் பிறந்த இரு சகோதரிகளில் ஒருவர் பாறசாலையிலும் மற்றவர் களியக்காவிளையிலும் வாழ்க்கைப்பட்டிருந்தால், 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் அக்காளுக்கு வேலை அட்டை தந்தது, தங்கைக்குத் தரவில்லை. கேரளத்தார் ‘தொழிலுறப்பு’ என்றும் தமிழ்நாட்டார் ‘நூறு நாள் வேலை’ என்றும் அழைக்கும் அந்த உரிமை, பேரூராட்சியின் எல்லைக்கல்லில் முட்டி நின்றுவிட்டது. 2025-26ஆம் ஆண்டில் அதற்குக் கேரளத்தில் 369 ரூபாயும் தமிழ்நாட்டில் 336 ரூபாயும் நாட்கூலி. தங்கை ‘நகரவாசி’ ஆகிவிட்டதால் அவருக்கு அந்த 336 ரூபாயும் இல்லை.

ஆனால் முதலாளித்துவப் பொருளாதார அறிஞர்களுக்கும் ஊடகங்களுக்கும் நகரமயம் என்றாலே கொண்டாட்டம்தான். ஆசியாவின் பெருநகரங்கள் வீங்குவதை முன்னேற்றத்தின் அளவுகோலாகவும், நகரங்களை ‘வளர்ச்சியின் எந்திரங்கள்’ என்றும் அவர்கள் போற்றுகிறார்கள். அந்தக் கணக்குகள் எப்படிப் பிறக்கின்றன என்பதைச் சற்றே உற்றுநோக்க வேண்டும்.

2018இல் ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவு வெளியிட்ட பட்டியலில் டோக்கியோ சுமார் 3.7 கோடி மக்களுடன் உலகின் மிகப் பெரிய மாநகரமாக இருந்தது. ஜகார்த்தாவின் மக்கள்தொகை ஒரு கோடியைச் சற்றே தாண்டியிருந்தது. 2025 நவம்பரில் வெளியான பட்டியலில் ஜகார்த்தா ஏறத்தாழ 4.2 கோடியுடன் முதலிடம். டாக்கா சுமார் 3.7 கோடியுடன் இரண்டாமிடம், டோக்கியோ 3.3 கோடியுடன் மூன்றாமிடம். ஏழே ஆண்டுகளில் மூன்று கோடிப் பேர் ஜகார்த்தாவில் குடியேறிவிட்டார்களா? இல்லை. ஒவ்வொரு நாடும் வரையறுத்த நகர எல்லையை விட்டுவிட்டு, மக்கள் நெருக்கத்தையும் தொடர்ச்சியான குடியிருப்பையும் கொண்டு நகரத்தை வரையறுக்கும் புதிய அளவுகோல் கையாளப்பட்டது. எல்லைக்கோடு நகர்ந்தது, மாநகரம் ‘வளர்ந்தது’.

இதே வித்தை கேரளத்தில் இன்னும் துலக்கமாகத் தெரியும். 2001இல் கேரள மக்களில் 26 சதவீதம் பேர் நகரவாசிகள். 2011இல் அது 47.7 சதவீதம். அந்தப் பத்தாண்டில் மாநிலத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 5 சதவீதமே கூடியது. நகர மக்கள்தொகையோ 92 சதவீதத்துக்கும் மேல் கூடியது. காரணம், ‘கணக்கெடுப்பு நகரங்கள்’ எனப்படும் ஊர்களின் எண்ணிக்கை 99இலிருந்து 461 ஆனது. இவை நிர்வாகத்தில் பஞ்சாயத்துகள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மட்டும் நகரங்கள். மலப்புறம் நகரத் தொகுதியின் மக்கள்தொகை 1.7 லட்சத்திலிருந்து சுமார் 17 லட்சமாக, பத்து மடங்காகத் தாவியதும் இப்படித்தான். இதை அறியாமலோ அறிந்தோ, 2020 ஜனவரியில் லண்டனின் ‘எக்கனாமிஸ்ட்’ ஏடு ஐ.நா. தரவை வைத்து, உலகிலேயே மிக வேகமாக வளரும் நகரம் மலப்புறம் என்று அறிவித்தது.

திருவனந்தபுரம் நகரத் தொகுதியும் 8.9 லட்சத்திலிருந்து சுமார் 17 லட்சமானது. ஆனால் பழைய மாநகராட்சி எல்லைக்குள் மக்கள்தொகை 7.4 லட்சத்தை ஒட்டியே அசையாமல் நின்றது. மாவட்டம் முழுவதிலும் பத்தாண்டு வளர்ச்சி 2 சதவீத அளவே. மக்கள் நகரத்துக்குப் போகவில்லை. நகரம் என்ற பெயர்தான் மக்களைத் தேடி வந்தது.

பஞ்சாயத்தாக இருக்கும் ஊரை ‘கணக்கெடுப்பு நகரம்’ ஆக்குவது எது? மூன்று நிபந்தனைகள்: 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் குறைந்தது 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருப்பது. கேரளத்தின் சராசரி மக்கள் நெருக்கமே 860. பஞ்சாயத்துகளில் பெரும்பாலானவற்றில் பல ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். ஆகவே முதல் இரண்டும் இங்கு நிபந்தனைகளே அல்ல. மூன்றாவது மட்டுமே தீர்மானிக்கிறது. அதன் பொருள் என்ன? 1970களின் நடுவில் கேரளத்தில் எட்டே முக்கால் லட்சம் ஹெக்டேரில் இருந்த நெல் சாகுபடி, 2011 வாக்கில் சுமார் 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கியது. வயலை இழந்த விவசாயத் தொழிலாளி கட்டடச் சாரத்தில் ஏறினார். லாரியில் சுமை தூக்கினார். கடலுக்கு அப்பால் போனார். ஆலை வந்ததால் உருவான நகரமல்ல இது. விவசாயம் அழிந்ததால் சூட்டப்பட்ட பெயர்.

இதில் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. ஊரின் தகுதியைத் தீர்மானிக்க ஆண்களின் வேலை மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகிறது. ஆனால் கேரளத்தின் தொழிலுறப்புப் பணிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பெண்கள். கணவனின் வேலையைப் பார்த்து ஊரை நகரம் என்று எழுதுவார்கள். அந்த ஊரைப் பிறகு நகராட்சியாக மாற்றினால் வேலையை இழப்பவர் மனைவி.

அப்படி மாற்றுவதற்கான அழுத்தம் கற்பனையல்ல. 2016இல் ஒன்றிய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம், 3,784 கணக்கெடுப்பு நகரங்களைச் சட்டபூர்வ நகர உள்ளாட்சிகளாக மாற்றும்படி 28 மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகளை மாநகராட்சிகளோடும் நகராட்சிகளோடும் இணைக்கும் அறிவிப்பு வந்தபோது பல ஊர்களில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். நூறு நாள் வேலை என்னவாகும், வீட்டுவரி எவ்வளவு உயரும் என்பவையே அவர்களின் முதல் கேள்விகள். கன்னியாகுமரி மாவட்ட மக்களுக்கு இதன் விடை ஏற்கெனவே தெரியும். ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளால் அந்த மாவட்டம் 2011 கணக்குப்படி 82 சதவீதம் நகரமயமானது. ரப்பர் பால் வெட்டுபவரும் முந்திரி ஆலையில் தோல் உரிப்பவரும் அங்கே ‘நகரவாசிகள்’.

பெயர் உரிமையைப் பறிக்கும் என்பது இடதுசாரி இயக்கத்துக்குப் புதிய பாடமும் அல்ல. 1970 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத் திருத்தத்தின்படி, குடிகிடப்புக்காரருக்குப் பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், பெருநகரில் 3 சென்ட் நிலத்தின் மீது உரிமை கிடைத்தது. நகரம் என்ற சொல் அன்றும் ஏழையின் மண்ணைப் பாதியாக்கியது. நகரில் நிலத்தின் விலை கூடும்போது உழைப்பவனின் பங்கு குறையும் என்பதே உடைமைச் சமூகத்தின் விதி. வீட்டுப் பிரச்சினை குறித்து 1872இல் எழுதிய எங்கெல்ஸ், நகரத்துக்கும் கிராமத்துக்குமான முரண்பாட்டை ஒழிக்காமல் அந்தப் பிரச்சினை தீராது என்று வாதிட்டது இதனால்தான். முதலாளித்துவம் அந்த முரண்பாட்டை ஒழிக்கவில்லை; கோட்டை மட்டும் நகர்த்தி வரைகிறது.

‘நகரமானால் குடிநீரும் கழிவுநீர் வாய்க்காலும் வருமே’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எல்லையோரப் பஞ்சாயத்துகளில் நகர அளவு நெருக்கமும் கிராம அளவு நிதியுமே இருக்கின்றன என்பது உண்மை. குப்பையும் மாசடைந்த கிணறும் அன்றாடத் துன்பம். ஆனால் ஒன்றிய அரசின் அம்ருத் திட்டம் 2015இல் எடுத்துக்கொண்டது 500 நகரங்களை. பொலிவுறு நகரங்கள் திட்டம் 100 நகரங்களை மட்டுமே. நகரமென்று எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான சிற்றூர்கள் அன்று இரண்டிலும் இடம்பெறவில்லை. வரியில் நகரம், வசதியில் கிராமம் என்பதே அவற்றின் நிலை. குடிநீரைத் தருவதற்கு வேலை உரிமையை விலையாகக் கேட்பது அரசு அல்ல, வட்டிக்கடை.

2025 டிசம்பரில் மோடி அரசு 2005ஆம் ஆண்டுச் சட்டத்தையே அகற்றும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 125 நாள் என்று விளம்பரம். செலவில் 40 சதவீதம் பெரும்பாலான மாநிலங்களின் தலையில். எந்த ஊரகப் பகுதியில் வேலை என்பதை அறிவிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசின் கையில். எது கிராமம் என்று எழுதும் பேனாவும், எந்தக் கிராமத்துக்கு வேலை என்று எழுதும் பேனாவும் இனி டெல்லியிலேயே இருக்கும்.

2027 பிப்ரவரியில் மீண்டும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதன் பின் புதிய ‘மாநகரங்கள்’ முளைக்கும். புதிய கைத்தட்டல்கள் எழும். அதற்கு முன்பே எல்லையின் இருபுறமும் கட்சி அமைப்புகள் ஒரே குரலில் எழ வேண்டும். வேலை உறுதி நகரம், கிராமம் என்ற பேதமின்றிச் சட்டபூர்வ உரிமையாக வேண்டும். கிராமசபையின் ஒப்புதலின்றி எந்த ஊராட்சியையும் நகரத்தோடு இணைக்கக் கூடாது. ஊரின் தகுதியை நிர்ணயிப்பதில் பெண்களின் உழைப்பும் எண்ணப்பட வேண்டும். கணக்கெடுப்பு நகரங்களுக்குக் குடிநீருக்கும் கழிவகற்றலுக்கும் தனி நிதி வேண்டும். இக்கோரிக்கைகளைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு, பாறசாலைச் சந்தையிலும் களியக்காவிளைப் பேருந்து நிலையத்திலும், வேலைத்தளங்களில் கூடும் பெண்களிடமும் கொண்டுசெல்வது உடனடிக் கடமை.

ஆசியாவின் மிகப் பெரிய மாநகரம் எது என்ற போட்டியில் உழைக்கும் மக்களுக்குப் பரிசு ஏதுமில்லை. பதினைந்து கிலோமீட்டருக்குள் மூன்று முறை மாறாத ஓர் உரிமையே அவர்களுக்குத் தேவை.