எண்ணிப் பார்க்காமல் எழுதிய தீர்ப்பு

பிப்ரவரி 15 உலக நீர்யானை நாள். அதையொட்டிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, “சேற்றில் புரளும் சதைமலைக்கு விழிப்புணர்வு ஒரு கேடா?” என்று கேட்டிருந்தது. நீர்யானைகள் லட்சத்துக்கு மேல் இருக்கின்றன, யானையைக் கவனித்தால் போதும். நீர்யானை ஆளைக் கொல்லும் விலங்கு. விழிப்புணர்வு என்பது படம் பார்த்து ரசிக்கும் கூத்து. அதன் முக்கிய வாதங்கள் இவைதான். மூன்றும் தவறு என்பதோடு, மூன்றுமே ஆபத்தானவை.

முதலில் கணக்கு. ஆப்பிரிக்காவில் மிஞ்சியிருக்கும் பெரிய நீர்யானைகள் சுமார் 1,15,000 முதல் 1,30,000 வரை. கட்டுரையாளர் இரக்கப்படும் ஆப்பிரிக்க யானைகளோ, 2016 மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 4,15,000. யானைக்கு ஆபத்து இருக்கிறது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நான்கு லட்சத்துக்காக வருந்துகிறவர், அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத உயிரை ‘ஏராளம்’ என்று எழுதினால், இரண்டையும் அவர் ஒப்பிட்டே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

‘ஏராளம்’ எப்படிக் கரையும் என்பதைக் காங்கோவின் விருங்கா தேசியப் பூங்காவில் பார்க்கலாம். 1970களில் அங்கே 29,000 நீர்யானைகள் வரை இருந்தன. போர் வந்தது. துப்பாக்கி ஏந்திய கும்பல்கள் இறைச்சிக்கும் பல்லுக்கும் சுட்டுத் தள்ளின. 2000களின் நடுவில் ஆயிரம்கூட மிஞ்சவில்லை. எட்டு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும் விலங்கு இது. போனதை ஈடுகட்டப் பல பத்தாண்டுகள் ஆகும்.

அந்தப் பல்லைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. நீர்யானையின் கோரைப்பல் அரை மீட்டர் நீளம் வரை வளரும். செதுக்க ஏற்றது, அதுவும் தந்தம்தான். யானைகள் கொல்லப்படுவதைக் கண்டு உலகம் கொதித்ததால் 1989இல் யானைத் தந்த வணிகத்துக்குத் தடை வந்தது. உடனே வணிகர்களின் கண் நீர்யானைப் பல்லின் மேல் விழுந்தது. அதற்காகக் குரல் கொடுக்க ஆளில்லை. 2022இல் காட்டுயிர் வணிகம் பற்றிப் பேசப் பனாமாவில் கூடிய உலக நாடுகளிடம் பத்து ஆப்பிரிக்க நாடுகள் இந்த வணிகத்தை அடியோடு நிறுத்தக் கோரின. கோரிக்கை தோற்றது. யானையைக் காக்க எழுந்த குரல் நீர்யானைக்கு எழவில்லை. விழிப்புணர்வு எதற்கு என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

ஆளைக் கொல்கிறதே என்கிறார். கொல்கிறது. யாரை? மரத்தோணியில் மீன் பிடிக்கப் போனவரை, குடத்தோடு ஆற்றில் இறங்கிய பெண்ணை, இரவில் பயிருக்குக் காவல் இருந்த விவசாயியை. இருட்டியதும் நீர்யானை கரையேறி, நாள்தோறும் நடந்து தேய்ந்த அதே தடத்தில் போய் நாற்பது கிலோ புல் மேய்ந்து, விடியுமுன் தண்ணீருக்குத் திரும்பும். அந்தத் தடத்தை மறித்து வயல் வந்தால் மோதல் நிச்சயம். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்கக் கூடாது, தோணியை ஆழத்தை விட்டுக் கரையோரமாகச் செலுத்த வேண்டும், தாண்டத் தெரியாத இந்த விலங்கை இடுப்பளவுச் சுவரோ பள்ளமோ தடுத்துவிடும். ஆற்றங்கரை மக்களின் உயிரைக் காக்கும் இந்தச் செய்திகளுக்குப் பெயர்தான் விழிப்புணர்வு. செத்தவர்களைச் சாட்சிக்கு அழைத்துவிட்டு, இருப்பவர்களைக் காக்கும் வழியை அடைக்கச் சொல்கிறது அந்தக் கட்டுரை.

சதைமலையால் என்ன பயன் என்றும் கேட்கிறார். கரையில் மேய்ந்ததை அது ஆற்றில் எருவாக இறக்குகிறது. கென்யாவின் மாரா ஆற்றில் நீர்யானைகள் நாளொன்றுக்குச் சுமார் 400 கிலோ சிலிக்கானைத் தண்ணீரில் சேர்ப்பதாக 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நீர்வாழ் உணவுச் சங்கிலியின் அடியில் இருக்கும் நுண்பாசிகளில் ஒரு வகை உடல் கட்டுவது அதைக் கொண்டுதான். நீர் வற்றித் தேங்கினால் அதே சாணம் மீனைக் கொல்லும், உண்மை. ஆனால் வற்றவைப்பது மனிதர்கள். தான்சானியாவின் பெரிய ருவாஹா ஆறு கோடைதோறும் வறள்வது மேலே நெல்வயல்களுக்குத் தண்ணீரை இழுத்துக்கொள்வதால். அந்தப் பழியையும் நீர்யானை தலையில் கட்ட முடியாது.

கூத்து என்ற ஒரு விஷயத்தில் அவர் தொட்ட இடம் சரி. தாய்லாந்து உயிரியல் பூங்காவில் 2024 ஜூலையில் பிறந்த மூ தெங் என்ற குட்டியை உலகமே கொஞ்சியது. பார்க்க வந்தவர்களில் சிலர், தூங்கும் குட்டியை எழுப்ப அதன்மேல் பொருட்களை எறிந்தார்கள். அது விழிப்புணர்வு ஆகாது. மூ தெங்கின் இனமான குள்ள நீர்யானை லைபீரியா, சியரா லியோன், கினி, ஐவரி கோஸ்ட் காடுகளில் மட்டுமே வாழ்கிறது, மூவாயிரம்கூட இல்லை, காடு வெட்டப்பட வெட்டப்பட அதுவும் போகிறது. குட்டியின் படத்தைப் பகிர்ந்த கோடிக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு இது சொல்லப்பட்டது? சொல்லாமல் விட்டது நம் குறை. அந்தக் குறையைக் காட்டி, இனிச் சொல்லவே வேண்டாம் என்று முடிப்பது, பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை என்று பள்ளிக்கூடத்தை இடிப்பதற்குச் சமம்.

பனாமாவில் தோற்ற கோரிக்கை மறுபடி வரத்தான் போகிறது. அன்று வாக்களிக்கும் நாடுகளின் மக்களுக்கு நீர்யானைப் பல்லும் தந்தம்தான் என்பது தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே ஆண்டுக்கு ஒரு நாள் கேட்கிறோம். அதையும் கூடாது என்று எழுதியவர், தன் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும்.