கத்தி வாங்கிய காசு

தோட்டத்துக் காரியாலயத்தில் இருந்து ஓர் உத்தியோகத்தர் கம்பனி அலுவலாகக் கொழும்புக்குப் போய் வருகிறார். பஸ் டிக்கெட்டையும் சாப்பாட்டு பில்லையும் வவுச்சரோடு சேர்த்துக் கொடுத்தால் செலவான காசு அவர் கைக்கு வந்துவிடும். அது நியாயம்தான். அதில் நமக்கு ஒரு குறையும் இல்லை.

கவ்வாத்து மலைக்குப் போகும் தொழிலாளி கத்தியைக் கடையில் வாங்கி, அரமும் வாங்கித் தீட்டிக்கொண்டு போகிறாரே, அந்தச் செலவுக்கு வவுச்சர் எங்கே? கொழுந்து பறிக்கும் பெண் இடுப்பில் கட்டும் படங்கு, மழைக்குப் போடும் றப்பர் சீட்டு, முதுகில் சுமக்கும் கூடை இவையெல்லாம் யார் காசு? சில தோட்டங்களில் கொடுக்கிறார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். சில இடங்களில் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இன்னும் சில இடங்களில் "கிழிஞ்சா நீங்களே பார்த்துக்கங்க" என்பதுதான் பதில். கூடைக்கென்றும் தண்ணிக்கென்றும் கிலோ கழிக்கத் தெரிந்த தராசுக்கு, அந்தக் கூடை யார் காசில் வந்தது என்பது மட்டும் தெரிவதில்லை.

2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. 25 நாள் வேலை செய்தால் 33,750 ரூபா. (எத்தனை தோட்டத்தில் 25 நாள் வேலை கிடைக்கிறது என்பது தனிக்கதை.) சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,700 ரூபா போனால் மிச்சம் 31,050. தீபாவளி முற்பணம், தேயிலைத்தூள் காசு, சந்தா எல்லாம் அதற்குப் பிறகு. இந்த மிச்சத்தில் ஒரு நாள் சம்பளம் கத்திக்கும் படங்குக்கும் போனால், அந்த ஒரு நாள் நாம் கம்பனிக்கு இனாமாக உழைத்த நாள்.

1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறெதையும் சம்பளத்தில் பிடிக்க முடியாது. அந்தக் கழிவுகளுக்கும் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். ஆனால் கத்தியைக் கடையில் நாமே வாங்கும்போது சம்பளத் துண்டில் ஒரு கழிவும் விழுவதில்லை. தாளில் பார்த்தால் முழுச் சம்பளமும் கொடுத்தாயிற்று. கம்பனிக்கு இதைவிட வசதி வேறென்ன?

2021இல் சம்பளச் சபை 1000 ரூபாவைத் தீர்மானித்ததும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தில் இருந்து விலகிக்கொண்டன. அதன்பின் நாட்சம்பளத்தைப் பற்றி மட்டுமே பேச்சு. கத்தியும் படங்கும் ஒவ்வொரு தோட்டத்துத் துரையின் விருப்பத்துக்கு விடப்பட்டுவிட்டன.

நாம் கேட்பது இதுதான்: வேலைக்கு வேண்டிய ஆயுதமும் உடுப்பும் தோட்டமே தரட்டும். தேய்ந்தால், கிழிந்தால் மாற்றித் தரட்டும். அவசரத்துக்கு நாம் வாங்கினால் அந்த மாதச் சம்பளத்தோடு, சம்பளத் துண்டில் தனி வரியாக, அந்தக் காசு வரட்டும். வேறு டிவிசனுக்கு வேலைக்கு அனுப்பினால் பஸ் காசும் அப்படியே.

இதற்குக் கணக்கு வேண்டும். கடையில் பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாவிட்டால் திகதியும் விலையும் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். காரணம் போடாத கழிவு இருந்தால் அந்தச் சம்பளத் துண்டையும் சேர்த்து, அடுத்த லேபர் டேக்கு முன் உங்கள் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். துரையிடம் கேட்கப் போகும்போது அவர் கையில் அவை இருக்க வேண்டும்.